கொடுக்கும் கைக்குக் கணக்கும் வேண்டும்

(அத்திபெலேயில் நடந்த அங்கத்தினர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று என்னைப் பேச அழைத்ததற்குக் காரணம் உங்களுக்குத் தெரியும். வரப்போகும் தீபாவளிக்கு, இந்த வட்டாரத்தில் கட்டட வேலையிலும் தொழிற்சாலைகளிலும் உழைக்கும் 500 குடும்பங்களுக்குப் புதுத் துணியும் மளிகைச் சாமான்களும் கொடுப்பது என்று இங்குள்ள நம் அன்பர்கள் தீர்மானித்திருக்கிறார்கள். ஒரு கல்யாண மண்டபத்தில், ஒரே காலை வேளையில், பிரமுகர் ஒருவரை அழைத்து வைபவமாகச் செய்வது என்பது உத்தேசம். குழந்தைகளுக்குக் கொஞ்சம் பட்டாசும் கொடுக்கலாம் என்று ஓர் அன்பர் சொல்லியிருக்கிறார். பணமும் சேர ஆரம்பித்துவிட்டது. "நீங்கள் சர்க்காரில் இருந்தவர், நாலு வார்த்தை உற்சாகமாகப் பேசுங்கள்" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார்.

உற்சாகத்துக்கு இங்கே குறைவில்லை. ஆகையால் நான் அதற்கு அடுத்த விஷயத்தைப் பற்றிப் பேசலாம் என்று நினைக்கிறேன். நல்ல எண்ணம் இருந்தால் மட்டும் போதுமா? அது காரியமாக மாறும் வழியில் என்னென்ன வேண்டும்? இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தபோதே ஒரு மாமி சொன்னார்: "நல்ல காரியம் பண்ணப் போறோம், பகவான் பாத்துப்பார்." பகவான் பார்த்துக்கொள்வார் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் நாம் பார்க்க வேண்டியதையும் அவர் தலையில் ஏற்றுவது நியாயமா என்பதுதான் கேள்வி.

வாணியம்பாடியும் எம்.ஜி.ஆர். நகரும்

இங்கிருந்து ஓசூர், கிருஷ்ணகிரி வழியாகச் சென்னை போகிறவர்கள் வாணியம்பாடியைத் தாண்டித்தான் போகிறோம். 2023 பிப்ரவரி 4 அன்று, தைப்பூசத்துக்கு முதல் நாள், அந்த ஊரில் தனிநபர் ஒருவர் ஏழைகளுக்கு இலவச வேட்டி சேலை கொடுப்பதற்காக டோக்கன் வழங்க ஏற்பாடு செய்தார். பெண்கள் பெருங்கூட்டமாகத் திரண்டார்கள். நெரிசலில் நான்கு மூதாட்டிகள் இறந்துபோனார்கள். கவனியுங்கள், அன்று கொடுக்கப்பட இருந்தது சேலைகூட இல்லை. சேலைக்கான டோக்கன்தான்.

இது புதிதல்ல. 2005ஆம் வருஷம் சென்னையில் பெரும் மழை, வெள்ளம். அரசு நிவாரணம் அறிவித்தது. நவம்பர் 6 அன்று வியாசர்பாடியில் நிவாரணம் வாங்க வந்த கூட்டத்தில் 6 பேர் மாண்டார்கள். அதைப் பார்த்த பிறகும், ஆறு வாரம் கழித்து, டிசம்பர் 18 ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், எம்.ஜி.ஆர். நகரில் ஒரு பள்ளிக்கூடத்து வாசலில் 42 பேர் இறந்தார்கள். வெள்ளத்தில் பிழைத்தவர்கள் நிவாரணத்தில் மாண்டார்கள். அதற்கு முந்தைய வருஷம், 2004 ஏப்ரல் 12 அன்று, லக்னோவில் ஓர் அரசியல் தலைவரின் பிறந்தநாளில் இலவசச் சேலை வாங்கச் சென்ற பெண்களில் 21 பேர் உயிரிழந்தார்கள்.

நம் மனசுக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் திருப்பதி. 2025 ஜனவரி 8 அன்று, வைகுண்ட ஏகாதசிக்கு இரண்டு நாள் முன்பு, சொர்க்கவாசல் தரிசன டோக்கனுக்காகக் காத்திருந்த பக்தர்களில் 6 பேர் நெரிசலில் இறந்தார்கள். பல்லாண்டுகளாக லக்ஷக்கணக்கான ஜனங்களைக் கிரமமாகத் தரிசனம் செய்து அனுப்பிய அனுபவம் உள்ள இடத்திலேயே இப்படி நேர்ந்தது என்றால், முதல் முறையாக 500 குடும்பங்களைக் கூட்டப்போகும் நாம் எவ்வளவு யோசிக்க வேண்டும்!

இந்தச் சம்பவங்கள் ஒவ்வொன்றிலும் கொடுப்பதற்குப் பொருள் இருந்தது. கொடுக்க வேண்டும் என்ற எண்ணமும் இருந்தது. இல்லாமல் போனது எது?

கூட்டத்தின் பௌதிகம்

நான் காலேஜில் பௌதிகம் படித்தவன். அந்தப் புத்தியோடு இதைப் பார்க்கிறேன். இப்படிப்பட்ட செய்தி வந்தால் உடனே நாம் சொல்வது, "ஜனங்களுக்கு ஒழுங்கு கிடையாது, முண்டியடிப்பார்கள்" என்பது. இது பெரும்பாலும் தப்பான நிர்ணயம்.

ஜான் ஃப்ரூயின் என்ற அமெரிக்கப் பொறியாளர் ஜன நடமாட்டத்தை ஆராய்ந்தவர். அவர் சொல்வது இது: ஒரு சதுர மீட்டரில் சுமார் 7 பேர் என்ற அளவுக்கு நெருக்கம் வந்துவிட்டால், அதற்குப் பிறகு அது மனிதர்களின் கூட்டம் அல்ல, ஒரு திரவம். தனி மனிதனின் விருப்பம் அதில் செல்லாது. பின்னால் ஒருவர் அரை அடி நகர்ந்தால் அந்த அழுத்தம் அலையாகப் பரவி முன்னால் நிற்பவரின் மார்பில் போய் இறங்கும். பத்துப் பேர் லேசாகச் சாய்ந்தாலும் பத்துப் பேரின் பலமும் கூடிவிடுகிறது. பலர் மிதிபட்டு இறப்பதில்லை. மார்பு விரிய இடமில்லாமல், மூச்சு விட முடியாமல், நின்ற நிலையிலேயே இறக்கிறார்கள். பின்னால் இருப்பவருக்கு முன்னால் நடப்பது தெரியாது. வாசல் திறந்துவிட்டது என்று நினைத்து இன்னும் ஓர் அடி முன்னே வைக்கிறார். அவர் கெட்டவரல்லர். அவருக்குத் தகவல் இல்லை, அவ்வளவுதான். 2025 ஜூன் 4 அன்று, கிரிக்கெட் வெற்றி விழாவின்போது, நம் பெங்களூர் சின்னசாமி ஸ்டேடியத்து வாசல்களில் 11 பேர் இறந்ததை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். அங்கே வந்தவர்கள் ஏழைகளும் அல்லர், பசித்தவர்களும் அல்லர். பௌதிகத்துக்கு ஏழை பணக்காரர் தெரியாது.

இப்போது நம் மண்டபத்துக்கு வருவோம். வாசலுக்கு முன்னால் பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் இடம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அது 100 சதுர மீட்டர். குடும்பத்துக்கு ஒருவர் வந்தால் 500 பேர். சதுர மீட்டருக்கு 5 பேர். அம்மா வந்தால் குழந்தையும் கூட வரும். அப்போது சதுர மீட்டருக்கு 10. ஏழு என்ற அபாய எல்லையை நாம் எப்போதோ தாண்டிவிட்டோம்.

இன்னொரு கணக்கு. பெயரைச் சரிபார்த்து, பையைக் கையில் கொடுத்து அனுப்ப ஒருவருக்கு ஒரு நிமிஷம் என்று வையுங்கள். 500 நிமிஷம் என்றால் எட்டு மணி இருபது நிமிஷம். நம் அழைப்பிதழில் வைபவம் காலை 9 முதல் 11 வரை. அதில் வரவேற்புரை, தலைமையுரை, பொன்னாடை எல்லாம் உண்டு. முழு இரண்டு மணி நேரத்தையும் கொடுத்தாலும் ஒரு மேஜையில் 120 பேருக்குத்தான் முடியும். நான்கு மேஜை போட்டாலும் 480. பேச்சு முடிகிற வரை வெயிலில் நிற்கிறவருக்கு, "பை தீர்ந்துவிடுமோ" என்ற பயம் வரும். அந்தப் பயம்தான் ஆபத்து. எட்டாவது வகுப்புக் கணக்குதான் இது. ஆனால் இதைப் போட்டுப் பார்க்க ஒரு காகிதமும், உற்சாகத்தைப் பத்து நிமிஷம் தள்ளிவைக்கும் பொறுமையும் வேண்டியிருக்கிறது.

இதற்கு விடை தேட வெளிநாடு போக வேண்டாம். நம் வீட்டுக் கல்யாணப் பந்தியைப் பாருங்கள். கூடத்தில் நூறு இலைதான் போட முடியும். ஆயிரம் பேர் வந்திருந்தாலும் யாரும் இலைக்காக இடித்துக்கொண்டு சாவதில்லை. ஏன்? உட்கார்ந்தவருக்குச் சாப்பாடு நிச்சயம். உட்காராதவருக்கு அடுத்த பந்தி நிச்சயம். "மாமா, அடுத்த பந்தியில் உங்களுக்கு இடம் போட்டாச்சு" என்று சொல்ல ஒருவர் நிற்கிறார். ரசம் வருவதற்கு முன் மோர் வராது. இந்த ஒழுங்குக்குப் பின்னால் சமையல்காரரும் பரிசாரகரும் முதல் நாள் ராத்திரியே போட்ட கணக்கு இருக்கிறது. சொந்தக்காரர்களுக்குச் சோறு போடும்போது நமக்குத் தெரிந்த இந்த வித்தை, ஏழைகளுக்குக் கொடுக்கும்போது மட்டும் ஏன் மறந்துபோகிறது? சொந்தக்காரருக்குக் கோபம் வந்தால் நாளைக்குப் பேசமாட்டார். ஏழை ஒன்றும் சொல்லமாட்டார். இதை நாம் ஒவ்வொருவரும் மனசாட்சியைத் தொட்டு யோசிக்க வேண்டும்.

குர்ஜாவும் மதுரையும்

ஒழுங்கு என்றால் வரிசையில் நிறுத்துவது மட்டும் அல்ல. வேறு இரண்டு உதாரணங்களைச் சொல்கிறேன்.

1986 ஏப்ரலில் உத்தரப் பிரதேசத்தில் குர்ஜா என்ற ஊரில், பெயர் பெற்ற ஒரு சேவைச் சங்கம் ஏழைகளுக்கு இலவசக் கண் சிகிச்சை முகாம் நடத்தியது. 88 பேருக்குக் கண்புரை அறுவைச் சிகிச்சை நடந்தது. அவர்களில் 84 பேருக்கு அறுவை செய்த கண்ணில் பார்வை நிரந்தரமாகப் போய்விட்டது. கண்ணில் பயன்படுத்திய உப்புக் கரைசல் மாசுபட்டிருந்ததே காரணமாக இருக்க வேண்டும் என்று கருதப்பட்டது. விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போய், 1989இல் தீர்ப்பு வந்தது. இத்தகைய முகாம்களை எப்படி நடத்த வேண்டும் என்ற அரசு நெறிமுறைகள் அந்த முகாமுக்கு முன்பே இருந்தன. பணம் கொடுத்தவர், இடம் கொடுத்தவர், உணவு போட்டவர் எல்லோரும் நல்ல எண்ணத்தோடுதான் வந்திருப்பார்கள். மங்கலாகவாவது தெரிந்துகொண்டிருந்த கண், தர்ம காரியத்தில் அறவே போய்விட்டது.

அதே சேவையை இன்னொருவர் செய்தார். டாக்டர் கோவிந்தப்ப வேங்கடசாமி. அவரும் நம்மில் பலரைப் போல அரசுப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவர்தான். மூட்டுவாத நோயால் விரல்கள் கோணிப்போயிருந்தும் நுண்ணிய கண் அறுவையைப் பழகியவர். 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் ஆஸ்பத்திரியை ஆரம்பித்தார். அவர் ஏற்படுத்திய முறை இதுதான்: கிராமத்து முகாமில் கண்ணைப் பரிசோதிப்பதோடு சரி. அறுவை தேவைப்படுகிறவர்களைப் பஸ்ஸில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அழைத்து வந்து, சுத்தமான அறுவைக் கூடத்தில் சிகிச்சை செய்து, உணவும் கொடுத்துத் திரும்பக் கொண்டுபோய் விடுவார்கள். பள்ளிக்கூடத்துப் பெஞ்சில் அறுவை செய்தால் செலவு குறையும், பத்திரிகைப் போட்டோவும் நன்றாக வரும். அவர் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. ஒரே டாக்டருக்கு இரண்டு மேஜை, ஒரு நோயாளிக்கு அறுவை முடிவதற்குள் அடுத்தவர் தயார், ஒவ்வொரு படிக்கும் பயிற்சி பெற்ற பெண்கள் என்று தொழிற்சாலை போல ஒழுங்கு செய்தார். அதனால்தான் அங்கே பெரும்பாலானவர்களுக்கு இலவசமாகவோ குறைந்த செலவிலோ சிகிச்சை செய்ய முடிகிறது.

குர்ஜாவில் இல்லாத அன்பு மதுரையில் இருந்தது என்று நான் சொல்லமாட்டேன். மதுரையில் அந்த அன்பு தினந்தோறும் கருவியைக் கொதிக்கவைத்தது, கையைக் கழுவியது, கணக்கு எழுதியது. வித்தியாசம் அவ்வளவுதான்.

கேட்காமல் கொடுத்தது

மூன்றாவது ஒன்று உண்டு. வாங்குகிறவருக்கு என்ன வேண்டும் என்று கேட்பது.

2004 டிசம்பர் 26 சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் மாண்டார்கள். நாடு முழுவதும் மனம் உருகியது. லாரி லாரியாகப் பழைய துணிகள் போய் இறங்கின. மீனவ ஜனங்கள் உழைத்துச் சம்பாதித்துக் கௌரவமாக வாழ்ந்தவர்கள். அடுத்தவர் உடுத்திக் கழித்ததை அவர்கள் தொடவில்லை. நாகை வீதிகளின் ஓரத்தில் துணிகள் குவியல் குவியலாகக் கிடந்து மழையில் நனைந்தன. அவற்றை அப்புறப்படுத்துவதே நிவாரண ஊழியர்களுக்கு ஒரு தனி வேலையாகிவிட்டது. பிறகு படகுகள் வந்தன. பல நிறுவனங்கள் போட்டி போட்டுக்கொண்டு கொடுத்ததில், சில இடங்களில் சுனாமிக்கு முன்பு இருந்ததைவிடப் படகுகள் அதிகமாயின. படகு கூடினால் கடலில் மீன் கூடுமா?

அதே நாகையில் இதற்கு மாற்றும் உருவாயிற்று. தொண்டு நிறுவனங்கள் மாவட்ட நிர்வாகத்தோடு சேர்ந்து ஓர் ஒருங்கிணைப்பு மையம் அமைத்து, எந்தக் கிராமத்துக்கு எது போயிற்று, எது தேவை என்று பட்டியல் போட ஆரம்பித்தார்கள். பட்டியல் போடுவது உருக்கமான காரியம் அல்ல. ஆனால் அதற்குப் பிறகுதான் உருக்கம் சரியான வாசலுக்குப் போய்ச் சேர்ந்தது.

நம் விஷயத்தில் என்ன செய்ய வேண்டும்? இந்த வட்டாரத்தில் வேலை செய்கிறவர்களில் பலர் ஒடிஸா, பிஹார், அஸ்ஸாம் பக்கத்திலிருந்து வந்தவர்கள். பிஹார்க்காரர்களுக்குத் தீபாவளியைவிட, அதற்கு ஆறு நாள் கழித்து வரும் சட் பூஜை பெரிய பண்டிகை. நாம் வாங்க நினைத்திருப்பது எட்டு முழ வேட்டியும் நம் ஊர்ப் புழுங்கல் அரிசியும். அவர்கள் கேட்பது ஆட்டா மாவும், கடுகெண்ணெயும், இந்த ஊர்க் குளிருக்கு ஒரு கம்பளியுமாக இருக்கலாம். இருக்கலாம் என்றுதான் சொல்கிறேன். ஏனென்றால் நம்மில் ஒருவரும் இன்னும் போய்க் கேட்கவில்லை.

அத்திபெலே சொல்லும் பாடம்

பட்டாசு விஷயத்துக்கு வருகிறேன். இந்த ஊரில் நின்றுகொண்டு அதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

2023 அக்டோபர் 7, சனிக்கிழமை மத்தியானம். தீபாவளிக்கு ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது. இதே அத்திபெலேயில், நெடுஞ்சாலை ஓரத்தில், ஒரு பட்டாசுக் கடையும் கிடங்கும் தீப்பற்றின. லாரியிலிருந்து சரக்கு இறக்கிக்கொண்டிருந்த நேரம். கடைசியில் இறந்தவர் எண்ணிக்கை 17. பெரும்பாலானோர் தமிழ்நாட்டுப் பிள்ளைகள். தர்மபுரி, கள்ளக்குறிச்சி, திருப்பத்தூர் பக்கத்தவர்கள். விடுமுறையில் நாலு காசு சம்பாதித்துப் படிப்புச் செலவுக்கு வைத்துக்கொள்ளலாம் என்று வந்த மாணவர்களும் அதில் இருந்தார்கள். பெற்றோருக்குப் பாரமாக இருக்கக்கூடாது என்று நினைத்த பிள்ளைகள். அதைவிட நல்ல எண்ணம் எது? இடத்தை நேரில் பார்த்த முதலமைச்சர் சித்தராமையா, பாதுகாப்பு ஏற்பாடுகள் செய்யப்படவில்லை என்று சொன்னார்.

சாதாரணத் தீயை மணலோ ஈரக் கோணியோ போட்டு மூடினால், காற்று கிடைக்காமல் அணையும். பட்டாசு மருந்தில் எரிவதற்கு வேண்டிய ஆக்ஸிஜன் அதிலுள்ள உப்பிலேயே இருக்கிறது. மூடினாலும் அது எரியும். அடைத்து வைத்தால் வெடிக்கும். அதனால்தான் எவ்வளவு சரக்கு வைக்கலாம், எவ்வளவு தூரம் விட வேண்டும் என்றெல்லாம் சட்டம் போட்டார்கள். வெடிபொருள் விதிகள் 2008 என்று புத்தகமே இருக்கிறது. எனவே விதி இல்லாமல் அந்தப் பிள்ளைகள் இறக்கவில்லை. காகிதத்தில் இருந்த விதி, கிடங்குக்கு நடந்து வரவில்லை.

இதிலிருந்து இரண்டு விஷயம் எடுத்துக்கொள்கிறேன். ஒன்று, ஆயிரம் பேர் கூடும் மண்டபத்தில் பெட்டி பெட்டியாகப் பட்டாசு வைப்பது என்ற யோசனையை இன்றே கைவிட வேண்டும். குழந்தைகளுக்கு இனிப்பும் அகல் விளக்கும் கொடுப்போம். இரண்டாவது, ஒழுங்கு என்று நான் சொல்வது படிவத்தை நிரப்பிக் கையெழுத்து வாங்குவதை அல்ல. சர்க்காரில் இருந்தவனுக்குப் படிவத்தின் மேல் பிரியம் என்று நண்பர்கள் கேலி செய்வார்கள். ஆனால் ஃபைலில் எல்லாம் சரியாக இருந்து, இடத்தில் ஒன்றும் சரியாக இல்லாத காட்சியை சர்க்காரில் இருந்தவர்கள்தான் அதிகம் பார்த்திருப்போம். ஒழுங்கு என்றால் ஒருவர் நேரில் போய் நின்று, கதவு திறக்கிறதா என்று தள்ளிப் பார்ப்பது.

சாஸ்திரம் என்ன சொல்கிறது?

"இப்படியெல்லாம் கணக்குப் பார்த்தால் தர்மம் செய்கிற மனசே வராதே. மனசு இளகும்போது கொடுத்துவிட வேண்டாமா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. யோசித்துக்கொண்டே இருந்து கடைசி வரை ஒன்றும் கொடுக்காதவர்களையும் நாம் பார்த்திருக்கிறோம். அவர்களுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. எதிரே ஒருவர் பசியோடு நின்றால், ஒரு கணக்கும் வேண்டாம், சாதத்தைப் போடுங்கள். ஆனால் நூறு பேரை "வாருங்கள்" என்று நாம் அழைத்துவிட்டால், அந்த நிமிஷம் முதல் அவர்கள் நம் அதிதிகள். அவர்களுடைய உயிருக்கும் மரியாதைக்கும் நாம் ஜவாப்தாரி.

கீதையின் 17ஆவது அத்தியாயத்தில் தானம் மூன்று வகையாகப் பிரித்துச் சொல்லப்படுகிறது. சாத்விக தானத்துக்கு தேசம், காலம், பாத்திரம் மூன்றும் பார்க்க வேண்டும் என்கிறார் பகவான். எங்கே, எப்போது, யாருக்கு. இது நிர்வாகம் படித்தவர்கள் இன்று கேட்கும் கேள்வியேதான். அதே இடத்தில், மரியாதை இல்லாமல் அலட்சியமாகக் கொடுப்பதைத் தாமஸ தானத்தில் சேர்த்திருக்கிறார். வெயிலில் நாலு மணி நேரம் நிற்கவைத்து, தள்ளுமுள்ளில் விட்டு, போட்டோவுக்குச் சிரிக்கச் சொல்லிக் கொடுப்பது எந்த வகையில் சேரும் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். தைத்திரீய உபநிஷத்தில் படிப்பு முடிந்து போகும் சிஷ்யனுக்குக் குரு செய்யும் உபதேசத்திலும், கொடுக்கிறவனுக்குச் சிரத்தையோடு கூச்சமும் பயமும் அறிவும் வேண்டும் என்று வருகிறது. கொடுப்பவனுக்கு எதற்குப் பயம்? தான் கொடுப்பதால் கெடுதல் நேர்ந்துவிடக் கூடாதே என்ற பயம் என்று நான் அர்த்தம் பண்ணிக்கொள்கிறேன். வள்ளுவரும் ஈகைக்கு ஓர் அதிகாரம் வைத்தார். தெரிந்து செயல்வகை என்று இன்னோர் அதிகாரமும் வைத்தார். இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டியவர்கள் நாம்.

எண்ணம் கொடுப்பவருடையது, விளைவு வாங்குபவருடையது. நம் எண்ணம் எவ்வளவு உயர்ந்தது என்று நமக்குத் தெரியும், பகவானுக்குத் தெரியும். கூட்டத்தின் நடுவில் மூச்சுத் திணறும் மூதாட்டிக்கு அது தெரியாது. தெரிந்தும் பிரயோஜனம் இல்லை.

என் யோசனைகள்

செயற்குழுவின் பரிசீலனைக்குச் சில யோசனைகளை வைக்கிறேன்.

முதலாவது, அடுத்த இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் நம்மில் பத்துப் பேர், ஹிந்தி தெரிந்தவர்களாக, தொழிலாளர்கள் தங்கியிருக்கும் ஷெட்டுகளுக்கு நேரில் போக வேண்டும். குடும்பத் தலைவியிடம் பேசி, என்ன வேண்டும், எந்த நாளில் வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். அதன் பிறகே சாமான் வாங்குவது.

இரண்டாவது, மண்டப வைபவம் வேண்டாம். ஓர் இடத்தில் 50 குடும்பம் என்று பத்து இடங்களாகப் பிரித்து, அவர்கள் இருக்கும் இடத்துக்கே வண்டியில் கொண்டுபோய்க் கொடுப்போம். 50 பேருக்கு ஒரு மணி நேரம் போதும். பெயர் எழுதிய சீட்டு முன்கூட்டியே அவரவர் கையில் இருக்கும். சீட்டு இருந்தால் பை நிச்சயம் என்று தெரிந்தவர் ஓடமாட்டார். இதுதான் பந்தி முறை.

மூன்றாவது, பட்டியலுக்கு மேல் பத்தில் ஒரு பங்கு அதிகமாக வைத்துக்கொள்வோம். சீட்டு இல்லாமல் வந்து நிற்பவரைத் திருப்பி அனுப்பும் சங்கடம் யாருக்கும் வேண்டாம்.

நான்காவது, ஒவ்வோர் இடத்துக்கும் பொறுப்பாளர் ஒருவரே. கூட்டம் சேர்வதாக அவருக்குத் தோன்றினால், யாரையும் கேட்காமல் நிறுத்திவிடும் அதிகாரம் அவருக்கு இருக்க வேண்டும். பிரமுகர் வந்து காத்திருந்தாலும் சரி. போலீஸ் ஸ்டேஷனுக்கு முன்கூட்டியே தகவல் கொடுப்பது, குடிநீர், முதலுதவி எல்லாம் அவர் கவனிக்க வேண்டியவை.

ஐந்தாவது, வாங்குகிறவரின் முகம் தெரியும் போட்டோ எடுக்க வேண்டாம். நம் பத்திரிகைக்குப் போட்டோ வேண்டுமென்றால், மூட்டை கட்டும் நம் மாமா மாமிகளை எடுத்துப் போடட்டும்.

ஆறாவது, முடிந்த முப்பது நாளுக்குள் வரவு செலவுக் கணக்கும், எது சரியாக நடந்தது, எது நடக்கவில்லை என்ற குறிப்பும் இந்தப் பத்திரிகையிலேயே வெளியாக வேண்டும். வேறு ஊர்க் கிளைகளிலும் இப்படிப்பட்ட காரியங்கள் நடக்கின்றன. நம் குறிப்பு அவர்களுக்கு உதவும். அவர்கள் குறிப்பு நமக்கு உதவும்.

இப்படிச் செய்தால் வைபவம் இருக்காது, மேடை இருக்காது, செய்தித்தாளில் வருவது சந்தேகம். பத்து ஞாயிற்றுக்கிழமை வேலை ஆகும். கொஞ்சம் அலுப்புதான். ஆனால் பை வாங்கிய பெண் அதைத் தலையில் வைத்துக்கொண்டு, குழந்தை கையைப் பிடித்துக்கொண்டு, பத்திரமாகத் தன் வீட்டு வாசற்படி ஏறினால்தான் நம் தானம் பூர்த்தியாகும்.

இந்த ஊர் அன்பர்களின் மனசு பெரியது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லாததால்தான் இவ்வளவு உரிமையோடு பேசினேன்.